பதினேழாம் எண்ணின் அக்கா

எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் இரண்டு பெயர்கள். ஒன்று பள்ளிக்கும் அரசாங்கத்துக்கும், இன்னொன்று கூப்பிடுவதற்கு. டாக்டர் பிகுனின் கூப்பிடும் பெயர் ஓய். கரும்பு என்று பொருள். அப்படிக் கூப்பிட்டவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்து, நான் அவரிடம் வேலைக்கு வந்தபோது மிச்சம் இருந்தவர் ஒரே ஒருவர். மற்றவர்களுக்கு அவர் டாக்டர். பல்கலைக்கழகத்துக்கு, பெருமைக்குரிய முன்னாள் மாணவி.

நான் நாடு நாடாகச் சுற்றிவிட்டு, ஓர் இடத்தில் உட்காரவும் பிடிக்காமல் மறுபடி கிளம்பவும் தெம்பில்லாமல், தாய்லாந்தின் வடகிழக்கில் எங்கள் ஊரான கோன் கேனுக்குத் திரும்பியிருந்தேன். மழைக்காலம் முடியும்வரை என்று சொல்லித்தான் அவருடைய தொழிற்சாலையில் சேர்ந்தேன். அவருக்கு வண்டி ஓட்டுவது, வெளிநாட்டு வியாபாரிகளிடம் பேசுவது, விழாக்களில் அவருக்குக் கிடைக்கும் மாலைகளை வாங்கி வைத்துக்கொள்வது, இவ்வளவுதான் வேலை.

தொழிற்சாலை கண்ணுக்குத் தெரியும் முன்பே பிளா ரா வாசனை வந்துவிடும். ஆற்று மீனில் உப்பும் வறுத்த அரிசிப் பொடியும் சேர்த்து ஜாடியில் மாதக்கணக்கில் புளிக்கவிட்டது. அது இல்லாமல் எங்கள் வீடுகளில் சோறு இறங்காது. அதைச் சாப்பிட்ட கையோடு பாங்காக் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போய்விடுவார். பிகுனின் அம்மா சி ஆற்றங்கரையில் இந்த ஜாடிகளை விற்றுத்தான் மகளைப் படிக்க வைத்தார். உதவித்தொகை கிடைத்துப் பல்கலைக்கழகத்தில் உணவுத் தொழில்நுட்பம் சேர்ந்த பிகுனிடம், ஆய்வுக்கு என்ன எடுக்கப்போகிறாய் என்று கேட்டார்கள். பிளா ரா என்றார். வகுப்பே மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்ததாம். ஒரு பேராசிரியர் மட்டும் சிரிக்காமல், சோதனைக்கூடத்துக்குள் வேண்டாம், வெளியே மாமரத்தடியில் வைத்துச் செய்துகொள் என்று சொன்னாராம்.

அந்த மாமரத்தடியில் தொடங்கியதுதான் எல்லாம். எந்த நுண்ணுயிர் மீனைப் பக்குவமாக்குகிறது, எது கெடுக்கிறது, மீனுக்குள் இருக்கும் புழு எப்போது சாகிறது, எவ்வளவு சூடு காட்டினால் கிருமி போய் ருசி தங்கும் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். ஜப்பானில் முனைவர் பட்டம் வாங்கினார். திரும்பி வந்து சொந்தத் தொழிற்சாலை வைத்தார். மூக்கைப் பொத்திய ஊர்களே இன்று அவருடைய குப்பியை வாங்கி வைக்கின்றன. பெர்லினில் நான் பாத்திரம் கழுவிய உணவகத்தின் அலமாரியிலும் அது இருந்தது. வேலை முடிந்ததும் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, திரும்ப மூடிவைத்துவிட்டு அறைக்குப் போவேன்.

பல்கலைக்கழகத்துக்கு அவர் கொடுத்தது கொஞ்சமில்லை. கிராமத்துப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை, குளிர்பதன அறை, நுண்ணோக்கிகள், மாணவியர் விடுதிக்குத் தண்ணீர்த் தொட்டி. ஒவ்வொன்றுக்கும் விழா நடத்தினார்கள். மாலை போட்டார்கள், கேடயம் கொடுத்தார்கள், அவர் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டுத் துறையின் நடைக்கூடத்தில் மாட்டினார்கள். பிள்ளைகள் அந்தப் படத்தைக் கைகூப்பி வணங்கிவிட்டுத் தேர்வுக்குப் போவார்கள். அவர் எதிரில் வந்தாலும் அதேபோலக் கும்பிட்டு, ஒதுங்கி நின்று வழிவிடுவார்கள்.

விழாக்களிலிருந்து திரும்பும்போது அவர் வண்டியில் பேச மாட்டார். கேடயத்தைப் பின் இருக்கையில் போட்டுவிட்டு, வாசலில் கும்பலாக நின்று அரட்டை அடிக்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே வருவார். மெதுவாகப் போ என்பார். அவருக்கு அந்த இடத்திலிருந்து இன்னும் ஏதோ வரவேண்டியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அது என்னவென்று டிம் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

டிம்தான் அவரை ஓய் என்று கூப்பிடும் அந்த ஒருவர். பக்கத்துத் தாலுகாவில் பள்ளி ஆசிரியை, விடுதியில் பிகுனோடு ஒரே அறையில் இருந்தவர். வருடாவருடம் ஆகஸ்ட் வந்ததும் பஸ் பிடித்துத் தொழிற்சாலைக்கு வந்து, புது மாணவர்களுக்கு வைக்கும் விருந்துக்காக ஒரு ஜாடி பிளா ரா வாங்கிப் போவார். அந்த முறை மூடியைத் திறந்து விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"ஏண்டி ஓய், உப்பு தூக்கலா இருக்கே. டாக்டர் பட்டம் வாங்குனா நாக்கு செத்துருமா?"

"ஓசியில வாங்குறவளுக்கு வாய் இவ்வளவு நீளமா?"

"வாய் நீளமா இருந்தாதான் நாப்பது பிள்ளைங்கள மேய்க்க முடியும். உனக்கென்ன, ஜாடிங்க பேசவா போகுது."

பிகுன் சிரித்தார். ஆனால் உடனே வேலை இருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டார். டிம் தன் வாயில் தானே அடித்துக்கொண்டார். அவரைப் பஸ் நிலையத்தில் கொண்டுபோய் விடும் வழியில்தான் முழுக் கதையும் வந்தது.

எங்கள் பல்கலைக்கழகத்தில் படித்த யாரிடமும் பெயரைக் கேட்கும் முன் எண்ணைக் கேட்பார்கள். துறையில் சேரும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை எண் விழும். இந்த வருடத்துப் பதினேழுக்குப் போன வருடத்துப் பதினேழு அக்கா. அவளுக்கு அதற்கு முந்தின வருடத்துப் பதினேழு. சாய் ரஹத் என்போம். எண்ணால் வந்த கொடி. ரத்த உறவைவிட இதில் உரிமை அதிகம். மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குச் சோறு போட வேண்டும், புத்தகம் கொடுக்க வேண்டும், காதல் முறிந்து வந்தால் உட்கார்ந்து கேட்க வேண்டும். பட்டம் வாங்கி, வேலைக்குப் போய், தலை நரைத்த பின்னும் புதுக் குழந்தை வந்தால் வந்து பார்க்க வேண்டும். எத்தனை வயதானாலும் அக்கா அக்காதான்.

இதில் கண்டிப்பான விதி ஒன்று உண்டு. நான்தான் உன் அக்கா என்று பெரியவள் வாயால் சொல்லக்கூடாது. துப்பு மட்டும் கொடுக்கலாம். சின்னவள்தான் யோசித்து, தேடி, எல்லார் முன்னிலையிலும் வந்து கையைப் பிடிக்க வேண்டும்.

பிகுனின் எண் பதினேழு. அவர் இரண்டாம் வருடத்துக்கு வந்தபோது சேர்ந்த பதினேழு, பாங்காக்கில் மருத்துவ இடம் கிடைத்துத் துப்பு கொடுக்கும் முன்பே போய்விட்டாள். அதற்கடுத்த வருடம் இன்னொரு பதினேழு வந்தாள். நடுவில் ஆள் இல்லாவிட்டால் அதற்கு மேலே இருப்பவர் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வருடம் பார்த்துப் பிகுனுக்கு ஜப்பானில் ஒரு வருடம் படிக்க வாய்ப்பு வந்தது. மாமரத்தடிப் பேராசிரியர் போய் வா என்றார். பிகுனும் போனார். அக்கா இல்லாமல் மூலையில் நின்று அழுத அந்தப் பெண்ணைப் பக்கத்து எண் பதினாறு கூட்டிக்கொண்டாள். அந்தப் பதினாறுதான் டிம்.

பிகுன் திரும்பி வந்தபோது அந்தப் பெண் டிம்மை அக்கா என்று கூப்பிடத் தொடங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. அதை மாற்றுகிற வழக்கம் இல்லை. அதற்குப் பின் வந்த பதினேழுகள் எல்லாருமே டிம்மின் கொடியில் படர்ந்தார்கள். பிகுனின் கொடி பிகுனோடு நின்றுபோயிற்று.

"நான் வேணும்னு எடுக்கலம்மா. ஒரு பிள்ளை அழுதுச்சு, கையைப் பிடிச்சேன்," என்றார் டிம். "அவளும் ஒரு வார்த்தை கோவிச்சுக்கல. அதுதான் எனக்கு இன்னிக்கி வரைக்கும் கஷ்டமா இருக்கு."

பிறகு, பல்கலைக்கழகத்துக்குப் பிகுன் கொடுத்த பொருள்களை ஒழுங்காகப் பார்த்திருக்கிறாயா என்று என்னைக் கேட்டார். பார்த்ததில்லை என்றேன். போய்ப் பார் என்றார்.

அடுத்த முறை போனபோது பார்த்தேன். குளிர்பதன அறையின் கதவுக் கம்பியில் கரும்புத் தோகை வடிவம் இருந்தது. தண்ணீர்த் தொட்டியின் பக்கவாட்டில் கணுக்கணுவாக ஒரு கோடு. சோதனைக்கூட ஜன்னலுக்கு வெளியே அவர் நட்டுக் கொடுத்த கரும்பைத் தோட்டக்காரர்கள் களை என்று ஒவ்வொரு மழையிலும் வெட்டினார்கள். அதுவும் ஒவ்வொரு மழையிலும் முளைத்தது. நிறுவனத்தின் சின்னமாக இருக்கும் என்று துறைத்தலைவர் நிபொன் நினைத்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடங்களாகப் பிகுன் துப்பு கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். தேடத்தான் ஆள் இல்லை.

ஒரு வார்த்தை சொன்னால் துறையே அவருக்கு ஒரு பெண்ணைக் கூட்டி வந்து நிறுத்துமே என்று டிம்மிடம் போனில் கேட்டேன்.

"நிறுத்தும். மாலையும் போடும்," என்றார் டிம். "கேட்டு வாங்குனா அது அக்கா இல்லம்மா, அதிகாரி."

அந்த ஆகஸ்டில் பிகுன் கட்டிக்கொடுத்த புதிய நொதித்தல் கூடத்துக்குத் திறப்பு விழா. கூட்டம் சேரட்டும் என்று நிபொன் அதைக் கொடி கண்டுபிடிக்கும் நாளிலேயே வைத்துவிட்டார். பிகுன், நூலை முடிச்சிட்டுச் சாயமேற்றி நெய்யும் எங்கள் பக்கத்து மட்மீ பட்டு உடுத்தி வந்திருந்தார். நாடாவை வெட்டினார். நிபொன் நீளமாகப் பேசினார். அவர் பேச்சு முடியுமா என்று முதல் வருடப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையும் கழுத்தில் பெயரட்டையுமாக வெயிலில் நெளிந்தார்கள்.

பேச்சு முடிந்ததும் மைதானம் சந்தையாயிற்று. பிள்ளைகள் துப்புச் சீட்டை வைத்துக்கொண்டு ஓடினார்கள், தப்பான ஆளைப் பிடித்தார்கள், தண்டனைக்கு ஆடினார்கள், சரியான ஆள் கிடைத்ததும் கட்டிக்கொண்டார்கள். பிகுன் விருந்தினர் வரிசையில் உட்கார்ந்து அதையெல்லாம் பார்த்தார். நான் மாலைகளோடு பின்னால் நின்றேன். போகலாமா என்று கேட்டேன். கொஞ்சம் இரு என்றார்.

அப்போது ஒல்லியாக ஒரு பெண் கூட்டத்தை விட்டு விலகி, விருந்தினர் வரிசையை நோக்கி நேராக வந்தாள். கழுத்து அட்டையில் முக் என்று எழுதியிருந்தது. நாற்காலிகளுக்கு முன்னால் வந்ததும் முட்டி போட்டு, சீட்டை எடுத்துச் சத்தமாகப் படித்தாள்.

"ஒண்ணு. என் பேரைச் சொன்னா வாய் இனிக்கும். ரெண்டு. கிட்ட வந்தா நாறும், ஆனா ஊரே தேடி வரும். மூணு. கண்ணாடிக்குப் பின்னால இருந்து தினமும் உன்னைப் பாக்குறேன்." சீட்டை மடித்தாள். "நீங்க கொடுத்த எல்லாத்துலயும் கரும்பு இருக்கு, அதான் உங்க பேரு. நீங்க பிளா ரா. உங்க படம் நடைக்கூடத்துல கண்ணாடிக்குள்ள இருக்கு."

பிகுனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"என் அக்கா நீங்கதானே?"

நிபொன் அதட்டுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து நின்றார். பிகுன் அந்தக் கைகளையே குனிந்து பார்த்தார்.

"உன் எண் என்ன?" அவர் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"பதினேழு அக்கா."

அவர் கண்ணை மூடித் திறந்தார். ஆமாம் என்று சொன்னால் போதும். அங்கே யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். நிபொன் அதை ஒலிபெருக்கியிலேயே அறிவித்திருப்பார். எண்ணும் அவருடைய எண்தான். பொய் என்றுகூட அதை முழுதாகச் சொல்லிவிட முடியாது.

அவர் தலை நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். பின்வரிசையில் தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட இரண்டாம் வருடப் பெண் ஒருத்தி, ரிப்பன் கட்டிய தின்பண்டப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். விதிப்படி அவளால் வாயைத் திறக்க முடியாது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பிகுன் அவளை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு முக்கின் கைகளைத் தன் கைகளிலிருந்து மெதுவாக விடுவித்தார்.

"நல்லாத்தான் யோசிச்சிருக்க. ஆனா நான் இல்ல. அங்க கண்ணாடி போட்டுக்கிட்டு ஒருத்தி நிக்கிறா பாரு, போயி அவ பேரைக் கேளு."

அவள் பெயர் வான். எங்கள் மொழியில் இனிப்பு. மைதானம் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. வான் பையால் முக்கின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அதை அவளிடம் கொடுத்தாள். "சாயங்காலம் பிளா ரா கடையில வேலை பாக்குறேன்டி, அதான் நாத்தம். உனக்குச் சோறு போட நான், நீ போயி டாக்டரைப் பிடிக்கிற. பேராசைக்காரி." தப்பாகப் பிடித்ததற்கு முக் ஆட வேண்டி வந்தது. மோசமாக ஆடினாள். பிகுனும் எல்லாரோடும் சேர்ந்து கை தட்டினார்.

வண்டிக்கு வந்தபோது டிம் அங்கே முன்னாலேயே வந்து சாய்ந்து நின்றிருந்தார். வானும் முக்கும் அவர் கொடிதான்.

"ஆமான்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமே," என்றார்.

"அந்தக் கண்ணாடிக்காரி பை வாங்கி வச்சுக்கிட்டு நிக்கிறா."

"அவளுக்கு வேற பாத்துக் கொடுத்திருப்பேன். எங்கிட்ட எத்தனை பேர் இருக்காங்க, ஒண்ணை நீ வச்சுக்கயேன்."

"கோழிக்குஞ்சா டிம், கூடையிலிருந்து எடுத்துக் கொடுக்க?"

டிம் தரையைப் பார்த்தார். பிறகு, சாயங்காலம் ஏரிக்கரையில் விருந்து, வந்துவிட்டுப் போ என்றார். பிகுன் வண்டிக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

"நான் யாரா வர்றது?"

"சோறு திங்கிறவளா வா," என்று சொல்லிவிட்டு டிம் போய்விட்டார்.

போக வேண்டாம் என்றுதான் பிகுன் முதலில் சொன்னார். பாதி வழி வந்த பிறகு வண்டியைத் திருப்பச் சொன்னார்.

ஏரிக்கரையில் ஓலைக் கொட்டகைக்குக் கீழே பாய் விரித்திருந்தார்கள். மூத்த வருடம் மேலே, இளைய வருடம் கீழே என்று வரிசை. பிகுனைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்து கும்பிட்டார்கள். பாயின் தலைமாட்டில் எங்கிருந்தோ ஒரு மெத்தை வந்து விழுந்தது. எல்லாரும் கூடையிலிருந்து ஒட்டரிசிச் சோற்றைக் கையால் உருட்டி, இடித்த பப்பாளிக்காயில் தோய்த்துத் தின்றார்கள். அவருக்கு மட்டும் பூப்போட்ட தட்டு, கரண்டி, மடித்த காகிதக் கைக்குட்டை. சுட்ட கோழியின் தொடைகள் அவர் தட்டுக்கே வந்தன. கீழ்வரிசையில் ஒரே பரிகாசம். பழைய கணிதப் புத்தகம் கேட்டு ஒருவன் தன் அக்காவை நச்சரித்தான். கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு வந்த ஒருத்தியிடம் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு போய் நீ சாப்பிடு என்றார்கள். பிகுனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. போதுமா டாக்டர், தண்ணீர் வேண்டுமா டாக்டர் என்று மட்டும் கேட்டார்கள். அவர் கரண்டியால் சாப்பிட்டார்.

பிறகு முக்கின் மணிக்கட்டில் வாழ்த்தாக வெள்ளை நூல் கட்டினார்கள். அதை யார் வேண்டுமானாலும் கட்டலாம். பிகுனும் கட்டினார். கட்டும்போது ஒருவன் செல்போனை நீட்டி, இந்தப் பக்கம் பாருங்க டாக்டர் என்றான். பார்த்தார். அவன் நன்றி சொன்னான்.

விருந்து முடிந்தது. கொடியின் வழக்கப்படி பெரியவர் சின்னவர் பார்க்காமல் எல்லாருமே தட்டு கழுவுவார்கள். டிம் தன் உடுப்பை இழுத்துச் செருகிக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டார். பிகுன் எழுந்து தன் அருகில் இருந்த தட்டுகளை அடுக்கினார். இரண்டு பையன்கள் பாய்ந்து வந்தார்கள். பட்டு பாழாகிவிடும் டாக்டர், நாங்கள் இருக்கிறோமே டாக்டர் என்று சொல்லி அடுக்கை வாங்கிக்கொண்டு ஓடினார்கள். அவர் வெறுங்கையோடு நின்றார். திரும்பவும் குனிந்து வேறு இரண்டு தட்டுகளை எடுத்தார். வாங்குவதற்கு இன்னொரு பெண் வந்துகொண்டிருந்தாள்.

முக் அப்போதுதான் கடைசி எலும்பைக் கடித்து முடித்து எழுந்தாள். தட்டை எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்தாள். பிகுன் கையில் இருந்த தட்டுகளின் மேல் வைத்தாள்.

"இதையும் சேத்துக் கழுவிருங்க அக்கா. அடியில மிளகா ஒட்டியிருக்கு, நல்லாத் தேய்க்கணும்."

வான் ஓடி வந்து அவள் முதுகில் ஒன்று வைத்தாள். "யார்கிட்ட என்னடி சொல்ற."

"அவங்கதானே கழுவ எடுத்தாங்க," என்றாள் முக், புரியாமல். தப்பு செய்துவிட்டோமோ என்று தட்டைத் திரும்ப எடுக்கக் கை நீட்டினாள்.

பிகுன் அவள் கைக்கு எட்டாமல் தட்டுகளைத் தள்ளிப் பிடித்தார். "வச்சதை எடுக்காத," என்றார். நேராகக் குழாயடிக்கு நடந்தார். பட்டாடையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு டிம்மின் பக்கத்தில் குந்தினார். டிம் சோப்பை அவர் பக்கம் நகர்த்தினார்.

ஒசாகா வியாபாரிகளிடமிருந்து அழைப்பு வரும் நேரம் ஆகியிருந்தது. நான் போய் அவர் தோளருகில் குனிந்து, கிளம்ப வேண்டும் என்று சொன்னேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தென்னை நாரை வைத்து ஒரே தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இரு. இதுல மிளகா ஒட்டியிருக்கு," என்றார்.